வி-க்ராஸுக்கு பவர் ஸ்டெப் போடலாமா? அம்மாவும் ஏறணும், வரப்புலயும் இடிக்கக் கூடாது

சந்தூர்_மாந்தோப்பு:
வணக்கம் நண்பர்களே, ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இப்ப எனக்கே ஒரு பிரச்சனை. போன வருஷம் இசுசு வி-க்ராஸ் 1.9 டீசல் பிக்கப் ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல எடுத்தேன், டிஎன் 24 வண்டிதான். முன்னாடி வச்சிருந்தவரு சைடு ஸ்டெப் ரெண்டையும் கழட்டி வித்துட்டாரு, ப்ராக்கெட் மாட்டுற ஓட்டை மட்டும் இருக்கு. நானும் பசங்களும் தாவி ஏறிடுவோம், சிக்கல் அம்மாவுக்குத்தான். வலது முட்டி ஆபரேஷன் பண்ணி ஏழு மாசம் ஆச்சு, மாசம் ஒரு தடவை ஓசூர் கூட்டிட்டுப் போகணும். இப்போதைக்கு 20 லிட்டர் பெயிண்ட் டப்பாவைக் கவுத்துப் போட்டு நான் ஒரு பக்கம் வீட்டுக்காரி ஒரு பக்கம் புடிச்சு ஏத்துறோம். போன வாரம் டப்பா வழுக்கிடுச்சு, நல்லவேளை விழல, ஆனா அன்னைலருந்து நான் பஸ்ஸுலயே போறேன் உன் வண்டியே வேணாம்னு ஒரே பிடிவாதம்.

சாதா ஸ்டெப்பே போட்டுடலாம்தான், ஆனா தோப்புக்குள்ள வரப்பு, பாறை, சொட்டுநீர் பைப்பு மூடின மேடுன்னு தாண்டித்தான் போகணும். சித்தப்பா பையன் வண்டில ஸ்டெப்பு வாழைப்பழம் மாதிரி வளைஞ்சு கிடக்கு. அதான் கதவு திறந்தா கீழ இறங்கி மூடினா உள்ள மடங்கிக்கிற பவர் ஸ்டெப் பாத்தேன். பெங்களூர் ஜே.சி. ரோட்டுல ஒரு கடைல கேட்டா அரை லட்சம் கிட்ட சொல்றாங்க. நம்ம ஊரு செம்மண்ணுக்கு இது தாங்குமா, யாராச்சும் போட்டிருக்கீங்களா?

அஞ்செட்டி_4x4:
தலைவா அம்பதாயிரத்துக்கு அலுமினியப் பலகையா? அந்தக் காசுல நல்ல ராக் ஸ்லைடர், அதான் கதவுக்கு அடில போடுற இரும்புக் குழாய், அடிச்சுடலாம். சேஸிஸ்ல நேரா போல்ட் ஆகும், பாறைல உக்காந்தாலும் வண்டி வெயிட்டையே தாங்கும், ஹைலிஃப்ட் ஜாக்கி போட்டும் தூக்கலாம். மோட்டார் கிடையாது வயர் கிடையாது, கெட்டுப் போக ஒண்ணுமே இல்ல. தளி பக்கம் நாங்க போற தடத்துல பவர் ஸ்டெப் போட்டு வந்தா திரும்பிப் போறப்ப அது டிக்கிலதான் போகும்.

பாலக்கோடு_தக்காளி:
தம்பி, அவரு கேக்கறது அவங்க அம்மா ஏறுறதுக்கு. ஸ்லைடர் கதவுக்கு அடியிலயே ஒட்டி இருக்கும், அதுல கால் வைக்க முடியற அம்மா நேரா வண்டிக்குள்ளயே கால் வச்சிடுவாங்களே. உங்க வண்டில உங்க அம்மா கடைசியா எப்ப ஏறினாங்க?

அஞ்செட்டி_4x4:
அக்கா 😅 அவங்க டிவிஎஸ் எக்ஸ்எல்லதான் வருவாங்க. ஒத்துக்கறேன்.

தொப்பூர்_ஹைலக்ஸ்:
சந்தூர் தம்பி, நான் போட்டிருக்கேன், நல்லதும் சொல்றேன் கெட்டதும் சொல்றேன். டொயோட்டா ஹைலக்ஸ்ல மாட்டி ரெண்டு வருஷம் முடிஞ்சது. முதல்ல ஆன்லைன்ல கம்மி விலைல ஒரு கிட்டு வாங்கினேன், பேரு வேணாம். ஆறு மாசம் ராஜா மாதிரி இருந்துச்சு. கதவைத் தொட்டா இறங்கும், ராத்திரில சின்ன லைட்டு வேற, பேரப் பசங்க அதுக்காகவே கதவைத் திறந்து திறந்து மூடுவாங்க. அப்புறம் ஒரு மழைக்கு பென்னாகரம் தாண்டி ஒகேனக்கல் போயிட்டு ரெண்டு நாளு வண்டியக் கழுவாம விட்டுட்டேன், சேறு அப்படியே காஞ்சு இறுகிடுச்சு. மூணாவது நாள் தர்மபுரில கதவைத் திறந்தேன், இடது பக்க ஸ்டெப் இறங்குச்சு, மூடினேன், மேல போகல. உர்ருனு ஒரு சத்தம், அவ்ளோதான்.

கால்ல உதைச்சேன், அசையல. உள்ள வார்ம் கியராம், மோட்டார் சுத்தினாதான் அது நகரும், நாம தள்ளினா நகராது, இது அப்புறம்தான் தெரிஞ்சுது. ஸ்டெப்பை இறக்கையாட்டம் விரிச்சுக்கிட்டே வீட்டுக்கு வந்தேன். டோல்ல லேனுக்கு ரெண்டு பக்கமும் சிமெண்ட் திட்டு இருக்குமே, அதுல ஒரு விரக்கடை கேப்புல தப்பிச்சுது, பின்னாடி லாரிக்காரன் ஹாரன் அடிக்கறான், என் வீட்டம்மா தலைய வெளிய நீட்டி போலாம் போலாம்னு சொல்லிட்டு வர்றா. கணவாய்ல லாரிங்க நடுவுல எப்படி இறங்கினேன்னு கேக்காதீங்க. வீட்டுல மோட்டாரைக் கழட்டினதும் லிங்கேஜ், அதான் பலகையத் தாங்குற மடக்குக் கை, லூசு ஆச்சு, ஸ்டெப்பை மேல தூக்கி மாட்டுக் கயித்தால கட்டி ஒரு மாசம் ஓட்டினேன்.

இப்ப வேற கம்பெனி கிட்டு, அதே சேறு, அதே ரோடு, ஒழுங்கா ஓடுது. வித்தியாசம் பாதி கிட்டு, பாதி நான் கழுவுறது.

பர்கூர்_ஆட்டோ_எலக்ட்ரிக்:
தொப்பூர் அண்ணன் சொன்னது சரி, நான் கொஞ்சம் விளக்கமா சொல்றேன், இந்த வேலை நாலஞ்சு வண்டிக்குப் பண்ணிருக்கேன்.

ஒரு பக்கத்துக்கு ஒரு பலகை, அதைத் தாங்குற லிங்கேஜ் ரெண்டு. ஒண்ணுலதான் மோட்டார் இருக்கும், இன்னொண்ணு சும்மா கூடவே மடங்கும். சேறு போய் மாட்டுறது இந்த ரெண்டு லிங்கேஜோட பின்னுலதான். மோட்டாருக்கு மூளைன்னு ஒண்ணு கிடையாது, கண்ட்ரோல் பாக்ஸு கரண்டை அளந்துக்கிட்டே இருக்கும், எங்கயாச்சும் தடுத்தா கரண்டு ஏறும், உடனே நிறுத்திடும். உங்க கால் மாட்டினாலும் அதான், காஞ்ச சேறு மாட்டினாலும் அதான், அதுக்கு ரெண்டும் ஒண்ணுதான். அண்ணன் வண்டில மோட்டார் போச்சுன்னு சொல்றதுக்கு முன்னாடி அது பாதி நாளு பாதுகாப்புக்குத்தான் நின்னுருக்கும், விடாம திறந்து மூடி திறந்து மூடி எரிச்சிருப்பாரு.

தொப்பூர்_ஹைலக்ஸ்:
எரிச்சது நான் இல்ல, பேரன் 🙂

பர்கூர்_ஆட்டோ_எலக்ட்ரிக்:
அடுத்தது தண்ணி. பெட்டி மேல ஐபி 67னு போட்டிருப்பான், அதைப் பாத்துட்டு எல்லாரும் ஒரே சந்தோஷம். 67னா தூசி போகாது, ஒரு மீட்டர் தண்ணில அரை மணி நேரம் முங்கினாலும் ஒண்ணும் ஆகாது, அவ்ளோதான் அர்த்தம். ஓடைல இறங்குறதுக்கு அது போதும். ஆனா வாட்டர் சர்வீஸ்ல பையன் கன்னை நேரா மோட்டார் சீல்ல வச்சு அடிப்பான் பாருங்க, அந்த ப்ரஷருக்கு 67 பொறுப்பு எடுக்காது, அதுக்கு 69கேன்னு வேற ரேட்டிங். எங்கிட்ட வந்த மோட்டார்ல ஓடைல செத்தது கம்மி, வாட்டர் சர்வீஸ்ல செத்ததுதான் ஜாஸ்தி.

கழுவுற முறை இதுதான். ஸ்டெப்பை இறக்கின நிலைலயே நிறுத்திட்டு லிங்கேஜ்ல நல்லா தண்ணி அடிங்க, மோட்டாரை மட்டும் விட்டுடுங்க. காஞ்சதும் பின்னுல சிலிக்கான் ஸ்ப்ரே. கிரீஸ் வேணவே வேணாம், கிரீஸ் வச்சா செம்மண்ணு அதுல ஒட்டி உப்புத்தாள் மாதிரி தேய்ச்சுடும். கால் வைக்கிற பலகை மேலயும் ஸ்ப்ரே படக்கூடாது, அம்மா ஏர்றாங்கன்னு சொல்றீங்க.

சந்தூர்_மாந்தோப்பு:
அண்ணே இதெல்லாம் கடைல ஒருத்தனும் சொல்லல. அவன் காட்டின கிட்டுல டி-மேக்ஸ் 2020 ப்ளஸ்னு போட்டிருந்துச்சு, தாய்லாந்து மாடல், நேரா மாட்டிடலாம்னான். நம்ம வி-க்ராஸும் டி-மேக்ஸ்தானே?

தொப்பூர்_ஹைலக்ஸ்:
நில்லு தம்பி, காசு குடுத்துடாத!! தாய்லாந்துல 2019 கடைசில புது தலைமுறை டி-மேக்ஸ் வந்துடுச்சு, சேஸிஸே வேற. நம்ம ஸ்ரீசிட்டி ஃபேக்டரில பண்ணி இங்க ஓடுற வி-க்ராஸ் அதுக்கு முந்தின தலைமுறை, பிஎஸ் 6 வந்தப்பவும் அதே உடம்புதான். 2020 ப்ளஸ்னு போட்ட ப்ராக்கெட்டு உன் வண்டி ஓட்டைக்கு உக்காராது. அப்ப கடைக்காரன் என்ன பண்ணுவான், சேஸிஸ்ல புது ஓட்டை போடலாம்பான், இல்ல பட்டை வச்சு வெல்டு அடிக்கலாம்பான். ரெண்டுக்கும் ஒத்துக்காத. 2012லருந்து 2019 வரைக்கும் வந்த டி-மேக்ஸ்னு போட்ட கிட்டு கேளு. ஹைலக்ஸ்ல எனக்கு இந்தத் தலைவலி இல்ல, நான் வண்டி எடுத்தப்ப டொயோட்டா பிடதி ஃபேக்டரில பண்ணதும் வெளிநாட்டுல ஓடுனதும் ஒரே தலைமுறை.

சந்தூர்_மாந்தோப்பு:
அய்யோ, அட்வான்ஸ் குடுக்க இருந்தேன் அண்ணே. கும்பிடுறேன்.

கோர்ட்டு_கதவு:
நடுவுல வர்றேன், மன்னிக்கணும். மாட்டுறதுக்கு முன்னாடி சட்டத்தையும் ஒரு பார்வை பாத்துடுங்க. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, ஆர்சில இருக்கிற விவரத்துக்கும் கம்பெனி குடுத்ததுக்கும் மாறுற மாதிரி வண்டிய மாத்தக் கூடாதுங்குது. 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டும் அதையே கறாரா சொல்லிடுச்சு. அந்த வருஷத் திருத்தத்துல வந்த 182ஏ-படி அனுமதியில்லாம மாத்தினா ஒரு மாத்தத்துக்கு 5,000 அபராதம் இல்ல ஆறு மாசம் வரை ஜெயில், ரெண்டும் கூட ஆகலாம். முன்னாடி போடுற இரும்பு புல் பாரை 2017 டிசம்பர்லயே எடுக்கச் சொல்லிட்டாங்க.

சைடு ஸ்டெப் உங்க மாடலுக்குக் கம்பெனியே குடுக்கற சாமான்தான், அதனால புல் பார் அளவுக்கு பயப்பட வேணாங்கறது என் அபிப்பிராயம். மடங்கினா வண்டி அகலத்துக்குள்ளயே இருக்கணும், சேஸிஸ்ல வெட்டு வெல்டு இருக்கக் கூடாது, பில்லு பத்திரமா இருக்கணும். எதுக்கும் கிருஷ்ணகிரி ஆர்டிஓ ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க. அப்புறம் இன்சூரன்ஸ்ல எலக்ட்ரிகல் ஆக்சசரின்னு தனியா மதிப்பு காட்டுங்க, காட்டாத சாமானுக்கு க்ளெய்ம் கேட்டு நிக்க முடியாது.

அஞ்செட்டி_4x4:
சார் நீங்க எந்த இழைல வந்தாலும் எனக்கு வயித்தக் கலக்குது.

பர்கூர்_ஆட்டோ_எலக்ட்ரிக்:
வெல்டு பத்தி வக்கீல் சார் சொன்னது எனக்கும் முக்கியம், பேட்டரி கழட்டாம சேஸிஸ்ல வெல்டு அடிச்சு ஈசியூ, அதான் வண்டி கம்ப்யூட்டர், போன வண்டி பாத்திருக்கேன்.

வயரிங்ல ரெண்டு வகை. பழைய வகைல ஒவ்வொரு கதவுலயும் சின்ன காந்தம் ஒட்டி, எதிர்ல ரீடு சுவிட்சு வைப்பாங்க, கதவு விலகினா சிக்னல் போகும். காந்தம் நம்ம வெயிலுக்கு கம்மு உருகி விழுந்துடும், விழுந்தா அந்தக் கதவு எப்பவும் திறந்த மாதிரிதான், ஸ்டெப்பு உள்ள போகாது. ஆனா பாத்த உடனே கண்டுபிடிச்சிடலாம், பத்து ரூபா வேலை. புது வகை ஓபிடி போர்ட்ல, அதான் மெக்கானிக் ஸ்கேனர் மாட்டுற ஓட்டைல, சொருகுறது, வண்டி கம்ப்யூட்டர்லருந்தே கதவு திறந்ததைப் படிச்சுக்கும், ஒரு வயரையும் வெட்ட வேணாம். வண்டி மாடலுக்குத் தக்க கோடிங் இருந்தாத்தான் படிக்கும், வேற நாட்டு வி-க்ராஸுக்கு எழுதினது இங்க படிக்காமப் போகலாம், அதனால கடை வாசல்லயே சொருகிப் பாத்துட்டு காசு குடுங்க. ஜிபிஎஸ் ட்ராக்கர் அந்த போர்ட்ல இருந்தா அதுக்கு வேற இடம் பாக்கணும்.

கரண்டு பேட்டரிலருந்து நேரா வரணும், பேட்டரி பக்கத்துலயே ஃப்யூஸ். எர்த்தை பெயிண்ட் மேல முடுக்கிட்டு எழுந்திருச்சிடுவாங்க, சுரண்டிட்டு முடுக்கச் சொல்லுங்க. பாதி கம்ப்ளைண்டு எர்த்துதான்.

பாலக்கோடு_தக்காளி:
எல்லாரும் மோட்டாரப் பத்தியே பேசுறீங்க, அது மேல ஏறுற ஆளைப் பத்தியும் நான் கொஞ்சம் சொல்றேன். எங்க மாமியாருக்கும் முட்டி ஆபரேஷன், எங்களுது பொலேரோ கேம்பர் பிக்கப், உயரம் அதுவும் கம்மி இல்ல. பிசியோ சொல்லிக் குடுத்தது, ஏர்றப்ப நல்ல கால் முன்னாடி, இறங்குறப்ப ஆபரேஷன் பண்ண கால் முன்னாடி. சந்தூர் தம்பி, உங்கம்மாவுக்கு வலது முட்டி, அவங்க ஏர்றது இடது கதவு. சாதாரணமா இடது கதவுல ஏர்றவங்க வலது காலைத்தான் உள்ள தூக்கி வைப்பாங்க, அதாவது அவங்களுக்கு வராத காலு. அதனாலதான் டப்பா மேல தடுமாறுறாங்க, டப்பா மட்டும் காரணம் இல்ல.

நாங்க பண்றது இப்படி. இடது காலை ஸ்டெப்புல வைக்கணும், வலதையும் பக்கத்துலயே கொண்டு வரணும், ரெண்டு காலும் ஸ்டெப்புலயே நிக்கணும். அப்புறம் மெதுவா திரும்பி சீட்டுல பின்பக்கமா உக்காரணும், அப்புறம் ரெண்டு காலையும் சேத்து உள்ள எடுக்கணும். சீட்டு மேல ஒரு உரச் சாக்கு இல்ல பிளாஸ்டிக் பை போட்டா சேலை சுலபமா வழுக்கித் திரும்பும், உக்காந்ததும் உருவி எடுத்துடுவோம். இதுக்கு பலகை அகலம் வேணும், குழாய் மாதிரி உருண்டையா வர்ற ஸ்டெப்புல ரெண்டு பாதமும் வச்சுத் திரும்பவே முடியாது. முனைல பிளாஸ்டிக் மூடி பிதுங்கிட்டு இருந்தா சேலை ஓரம் மாட்டும், அதையும் கையால தடவிப் பாருங்க.

முக்கியமா எவ்ளோ உயரம் அவங்களால ஏற முடியும்னு அளந்தீங்களா?

சந்தூர்_மாந்தோப்பு:
அக்கா, அளக்கவே இல்ல, தோணவே இல்ல. இன்னைக்கு சாயங்காலமே பாக்குறேன்.

சந்தூர்_மாந்தோப்பு:
பாத்துட்டேன். திண்ணை பக்கத்துல செங்கல் அடுக்கி, ஜன்னல் கம்பியப் புடிச்சுக்கிட்டு ஏறச் சொன்னேன். படுக்க வச்ச செங்கல்லு ஒண்ணு ஏழரை சென்டிமீட்டர். ரெண்டு வரிசை, சும்மா ஏறிட்டாங்க. மூணு வரிசை, கம்பியப் புடிச்சு ஏறினாங்க, மூஞ்சி சுருங்கல. நாலு வச்சேன், காலைத் தூக்கிட்டு அப்படியே கீழ வச்சுட்டாங்க. என்னடா எனக்கு ஓட்டப் பந்தயமா வச்சிருக்கன்னு திட்டு வேற. ஆக அவங்க அளவு 22 சென்டிமீட்டர். வண்டிக் கதவு அடி தரைலருந்து 58 வருது. அந்தப் பெயிண்ட் டப்பாவை அளந்தேன், 38! இத்தனை நாளா அவங்களால முடியாததுல ஏத்திட்டு இருந்திருக்கோம், நாங்க தூக்கினதுதான் எல்லாம்.

தொப்பூர் அண்ணே, உங்க ஸ்டெப் இறங்கினா தரைலருந்து எவ்ளோ?

தொப்பூர்_ஹைலக்ஸ்:
இப்பதான் டேப் எடுத்துட்டுப் போய்ப் பாத்தேன், 33. மடங்கி இருக்கறப்ப கதவுக்கு அடில ஒட்டிக்கும், வரப்புக்குத் தெரியாது. ஆனா உங்க அம்மாவுக்கு 33 ஆகாதே தம்பி.

அஞ்செட்டி_4x4:
அப்ப அரை லட்சம் போட்டும் செங்கல்லு வேணுமா? நான் சொன்னா மட்டும் சிரிக்கிறீங்க.

பர்கூர்_ஆட்டோ_எலக்ட்ரிக்:
இன்னும் கீழ இறங்குற வகையும் இருக்கு. அமெரிக்காவுல ஏஎம்பி ரிசர்ச் கம்பெனி பவர்ஸ்டெப்புன்னு பண்றாங்கல்ல, அதுல எக்ஸ்எல்னு ஒண்ணு, தூக்கின வண்டிங்களுக்காக. அவங்க சாதா ஸ்டெப்பே ஒரு பக்கத்துக்கு 600 பவுண்டு தாங்கும், 272 கிலோ, அதனால ஆள் வெயிட்டு கவலை இல்ல. ஆனா உங்க வி-க்ராஸ் தலைமுறைக்கு அந்த வகை தேடி அலையறதுக்கு பதிலா தரையை உயர்த்துறது சுலபம்னு எனக்குத் தோணுது. வீட்டுல ஒரு இடம், ஆஸ்பத்திரில ஒரு இடம், அவ்ளோதானே?

பாலக்கோடு_தக்காளி:
அதேதான் சொல்ல வந்தேன். ஆஸ்பத்திரி வாசல்ல பிளாட்பாரம் ஒட்டி நிறுத்துங்க.

தொப்பூர்_ஹைலக்ஸ்:
அதுல ஒரு ஆபத்து இருக்கு, உயரமான பிளாட்பாரம் ஒட்டி நிறுத்திட்டு கதவைத் திறந்தா ஸ்டெப்பு போய் அதுல இடிக்கும். நின்னுடும், உடையாது, ஆனா பலகை ஓரம் சிராய்க்கும். ஒரு சாணு உயரத்துக்குள்ள இருந்தா மேலயே வந்துடும், பயமில்ல. அப்புறம் கதவு பக்கத்துல யார் நிக்கறாங்கன்னு பாத்துத் திறக்கணும், எங்க தோப்புல ஆள் ஒருத்தருக்கு கெண்டைக்கால் எலும்புல பட்டு மூணு நாள் என்னோட பேசல. மாங்கா க்ரேட்டு ஒட்டி வச்சிருந்தா க்ரேட்டைத் தள்ளும்.

தம்பி, ஞாயித்துக்கிழமை போச்சம்பள்ளி சந்தைக்கு வர்றேன், அம்மாவைக் கூட்டிட்டு வா, என் வண்டிலயே ஏறிப் பாக்கட்டும். காசு போடறதுக்கு முன்னாடி பாத்துடலாம்.

சந்தூர்_மாந்தோப்பு:
பாத்தாச்சு. அண்ணன் ஹைலக்ஸ் கதவைத் திறந்தாரு, ஸ்டெப்பு இறங்குச்சு, அம்மா ரெண்டடி பின்னாடி போயிட்டாங்க, ஆட்டுக்குட்டி வெளிய வந்துச்சுன்னு நினைச்சாங்களாம், சந்தையாச்சே. வெறும் தரைலருந்து முடியல, அண்ணன் சொன்ன மாதிரி 33 ஜாஸ்தி. புளி வியாபாரி ஒருத்தர் கிட்ட ரெண்டு பலகை கேட்டு கீழ அடுக்கினோம், ஒரு 12 சென்டிமீட்டர் இருக்கும். இடது கால், வலது கால், நின்னாங்க, கதவுக்கு உள்ள இருக்கற கைப்பிடியப் புடிச்சுத் திரும்பினாங்க, உக்காந்துட்டாங்க. நாங்க யாரும் தொடல. அக்கா, உரச் சாக்கு ஐடியா சூப்பர், அண்ணன் வீட்டம்மாவும் எனக்கு ஒண்ணுன்னு கேட்டாங்க.

இறங்குறதுதான் கொஞ்சம் யோசிச்சாங்க, ஆபரேஷன் கால் முன்னாடின்னு ரெண்டு தடவை சொல்ல வேண்டி இருந்துச்சு.

அதனால முடிவு பண்ணிட்டேன். முந்தின தலைமுறைக்கான கிட்டு, அகலப் பலகை, ஓட்டை போடாம, வெல்டு அடிக்காம. வீட்டு வாசல்ல கொத்தனார் வச்சு 12 சென்டிமீட்டர்ல ஒரு திட்டு, மூணடி அகலம், வண்டி நிக்கற இடத்துக்கு நேரா. ஓசூர் ஆஸ்பத்திரி வாசல்ல இருக்கற திட்டை அடுத்த தடவை போறப்ப அளக்கணும், கண்ணுக்கு அதே உயரம்தான் தெரியுது. சனிக்கிழமை ஜே.சி. ரோடு போறேன், காலைல அஞ்சரைக்கெல்லாம் கிளம்பிடுவேன், அத்திப்பள்ளி தாண்டினா ட்ராஃபிக்ல மாட்டிக்கும். பர்கூர் அண்ணே, கிட்டு மட்டும் வாங்கிட்டு வந்தா நீங்க மாட்டித் தருவீங்களா?

பர்கூர்_ஆட்டோ_எலக்ட்ரிக்:
தர்றேன். கடைலயே ஓபிடில சொருகி நாலு கதவும் திறந்து பாத்துட்டு வீடியோ எடுத்து அனுப்புங்க, அதுக்கு அப்புறம் காசு குடுங்க. படிக்கலன்னா காந்த வகையே வாங்கிடுங்க, எனக்கு அதுதான் பிடிக்கும், கெட்டா நீங்களே பாத்துக்கலாம். ஞாயித்துக்கிழமை காலைல வாங்க, அரை நாள் வேலை. வர்றப்ப அடில கழுவிட்டு வாங்க, போன தடவை ஒருத்தர் தோப்புலருந்து நேரா வந்துட்டாரு, அடில படுத்து எழுந்தா என் சட்டை உங்க ஊரு செம்மண் கலரு.

சந்தூர்_மாந்தோப்பு:
கழுவிட்டு வர்றேன் அண்ணே. வாட்டர் சர்வீஸ்லதான், இப்ப மோட்டார் இல்லல்ல 🙂